தவறாமல் சர்ச்சுக்குப் போகாதவர்

பங்காருப்பேட்டையில் பானிபூரிக்கு ஊற்றுகிற தண்ணீர் பச்சையாக இருக்காது. பானையிலிருந்து மொண்ட குடிதண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். நம்மை மெட்ராஸ்காரி என்று தெரிந்துகொண்டு வெறும் தண்ணீரை ஊற்றி ஏமாற்றுகிறான் என்று நினைத்து ஒரே மடக்காகக் குடித்துவிட்டேன். கண், மூக்கு, காது எல்லாவற்றிலும் எரிச்சல். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கன்னடத்தில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற பெண் எனக்காகத் தமிழில் எடுத்துச் சொன்னாள்: "பாக்கத்தான் சாதுவா இருக்குமாம், உள்ள போனாத்தான் தெரியுமாம்."

நான் பார்க்கப் போய்க்கொண்டிருந்த மனிதரும் அந்த ரகம்தான்.

கோலார் தங்கவயலில் என் அக்கா ஸ்டெல்லாவைக் கட்டிக் கொடுத்திருந்தது. அவள் கணவர் சாமுவேல் மாமா, தங்கச் சுரங்கத்தில் கேஜ் ஓட்டியவர். கேஜ் என்றால் ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றுகிற கூண்டு. சுரங்கத்தை மூடியது எப்போதோ. அக்கா போய்ச் சேர்ந்தது போன வருஷம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மகள் பெனிட்டாவுக்கு நிச்சயதார்த்தம். அதற்கு நான் சனிக்கிழமை வந்தால் போதும். ஆனால் பெனிட்டா போனில் பிடிவாதம் பிடித்தாள்.

"சித்தி, வியாழக்கிழமையே வந்துடுங்க. அப்பா ஜெபம் பண்ண மாட்டேங்கறாரு."

அந்தத் தெருவில் ஒரு வழக்கம். நல்ல காரியம் என்றால் வீட்டுத் தலைவர்தான் முதலில் ஜெபிக்க வேண்டும், போதகர் பிறகுதான். ஷிப்ட் வேலை நடந்த காலத்தில் போதகருக்காகக் காத்திருந்தால் மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பிப் போய்விடுவார் என்பதால் வந்த பழக்கமாம். இப்போது ஷிப்டும் இல்லை, வேலையும் இல்லை, வழக்கம் மட்டும் விடவில்லை. அக்கா போனதிலிருந்து மாமா வாய் திறந்து ஒரு ஜெபமும் செய்யவில்லை. "அப்பா ஜெபம் பண்ணாம நான் மோதிரம் போட்டுக்க மாட்டேன்" என்று இவள் சொல்லிவிட்டாள். அப்பனுக்குப் பெண் தப்பாமல் பிறந்திருக்கிறது. நடுவில் என்னை வரச் சொல்லிவிட்டார்கள். நானோ பிரசங்கத்தில் தூங்கி விழுகிற கேஸ்.

வியாழன் சாயங்காலம் கிளை ரயிலில் ஏறினேன். பெங்களூரில் வேலை முடித்து வருகிறவர்களின் கூட்டம். எங்கள் பெரம்பூர் ரயிலில் இடம் பிடிக்கச் சண்டை போடுவார்கள். இங்கே கைக்குட்டை போடுகிறார்கள். காலி இருக்கை என்று நான் உட்கார்ந்த இடத்தில் ஒரு கைக்குட்டை இருந்தது. அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அதன் சொந்தக்காரி ரயில் கிளம்பும்போது ஓடி வந்து ஏறி, என்னையும் கைக்குட்டையின் ஓரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பரவால்ல ஆன்ட்டி, குந்துங்க" என்று நின்றுகொண்டே வந்தாள். குற்ற உணர்ச்சியில் கண்ணை மூடிக்கொண்டேன். அப்படியே தூங்கிவிட்டேன். நந்திதுர்க் பக்கம் இறங்க வேண்டியவள் மாரிகுப்பத்தில் கண் விழித்தேன். அதற்கு மேல் போக ரயிலுக்கே தண்டவாளம் இல்லை.

ஆட்டோக்காரர் திரும்பக் கொண்டு வந்து விட்டார். வழியெல்லாம் சாம்பல் நிறக் குன்றுகள். அழகாக இருக்கிறதே என்றேன். "தங்கம் எடுத்துட்டு மிச்சத்த கொட்டினதுமா. காத்தடிச்சா வாய மூடிக்கோங்க" என்றார்.

வாசலில் மாமா நின்றிருந்தார். எழுபது தாண்டியும் முதுகு வளையவில்லை. "வாங்க. ரயில் மாரிகுப்பம் வரைக்கும் இட்டுனு பூட்ச்சா?" என்று கேட்டார். நான் சொல்லவே இல்லை. எங்கள் குடும்பத்தைப் பற்றி அக்கா நிறையச் சொல்லி வைத்திருக்கிறாள் போலிருக்கிறது.

இரவு ராகிக் களியும் கறிக்குழம்பும். எனக்கு அகோரப் பசி. தட்டில் கை வைக்கப் போனேன், பெனிட்டா முழங்கையால் இடித்தாள். மாமா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு சாப்பாட்டு ஜெபத்துக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு நிமிர்ந்து, "சூடு ஆறட்டும்னு பாத்தேன். சாப்டுங்க" என்றார்.

களி சூடாக இருக்கும்போதுதான் தின்ன வேண்டும் என்பது கோலாரில் பிறந்த கைக்குழந்தைக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் கரண்ட் போயிற்று. "பாத்தீங்களா?" என்று மாமா கூரையைக் காட்டினார். "அவரு வேலதான்." பால் திரிந்தது. "அதுவும் அவருதான்." பந்தல்காரன் போனை எடுக்கவில்லை. "அவரு கிட்ட பாடம் படிச்சவன். கூப்ட்டா எடுக்க மாட்டான்." மதியத்துக்குள் கடவுள் பேரை அவர் எத்தனை முறை இழுத்தார் என்று எண்ண முடியவில்லை. ஊரில் எங்கள் ஜெபக்குழுப் பெண்கள் ஒரு மாதத்தில் நினைக்கிறதை இவர் ஒரு காலையில் நினைத்து முடித்துவிட்டார்.

சாயங்காலம் நடக்கக் கூட்டிப்போனார். சுரங்கத்துக்குள் யாரும் போக முடியாது, மதிலும் காவலாளியும் இருக்கிறார்கள். மதிலுக்கு மேலே இரும்புக் கோபுரம் தெரிந்தது. அதன் உச்சியில் இரண்டு சக்கரம்.

"அதும்மேல போற ரோப்புல கேஜ் தொங்கும். நான் இங்க இல்ல, தள்ளி ஒரு ரூம்ல இருப்பேன். கேஜும் தெரியாது, ஆளும் தெரியாது. டயல் ஒண்ணு, மணி ஒண்ணு. கீழ லெவல்ல இருக்கறவங்க மணி அடிப்பாங்க. அடிச்சா எடுப்பேன். மணி வராம லிவர் மேல கை வெச்சா, எவன் தலையாவது பூடும். என் சர்வீஸ்ல ஒரு தடவ மணி வராம எடுத்தது கிடையாது."

நல்ல சமயம் என்று நினைத்து நான் மெல்ல ஆரம்பித்தேன். "மாமா, ஞாயித்துக்கிழம ஜெபம்..."

"அதத்தான் சொல்லினு கீறேன்" என்றார். "ஸ்டெல்லா ஆஸ்பத்திரில கீறப்ப ராவும் பகலும் அவருகிட்ட பேசினேன். நீங்களும்தான் பாத்தீங்க. முட்டி போட்டு காலு வீங்கிப் போச்சு. ஒரு பதிலு? ஒரு சின்ன சத்தம்? ஒண்ணுமில்ல. சரி, நான் இப்போ என் சீட்டுல குந்திகினு கீறேன். அவரு மொதல்ல மணி அடிக்கட்டும். அப்புறம் நான் கை வெக்கறேன்."

குரல் கடைசியில் கம்மிவிட்டது. அக்காவின் கட்டில் பக்கத்தில் அவர் முட்டி போட்டிருந்ததை நானும்தான் பார்த்தேன். இதற்குப் பதில் சொல்ல எனக்கு எந்த வேதாகம வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. அப்படியே சொல்லித் தந்திருந்தாலும் நான் தூங்கியிருப்பேன். "வாங்க மாமா, எங்கயாவது டீ குடிப்போம்" என்றேன்.

சனிக்கிழமை பெனிட்டாவும் நானும் ராபர்ட்சன்பேட்டைக்கு ஜவுளி எடுக்கப் போனோம். மெட்ராஸில் ஒரு புடவை எடுக்க ஐந்து மாடி ஏறி இறங்க வேண்டும். இங்கே ஒரே அறை, ஒரே பாய், ஒரே கடைக்காரர். அவர் என்னிடம் தமிழிலும், அடுத்தவரிடம் கன்னடத்திலும், போனில் தெலுங்கிலும் பேசினார், தன் மகனை உருதுவில் திட்டினார். பச்சையில் ஒரு பட்டு எடுத்தோம். பேக்கரியில் காரா பன் தின்றோம். அதன் சுகத்தைச் சொல்ல ஆரம்பித்தால் கட்டுரை நிச்சயதார்த்தத்துக்குப் போய்ச் சேராது.

திரும்பும்போது ஆட்டோ மேட்டில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி வண்டியைச் சாய்த்துப் பார்த்தார், அப்புறம் எங்களைப் பார்த்தார். புடவைப் பையை மடியில் வைத்தபடி பெனிட்டா அழுதுகொண்டிருந்தாள். ஆட்டோவுக்காக அழுகிறாள் என்று நினைத்து அவர் பதறிப்போனார். "அளுவாதமா, தோ பத்து நிமிஷம்."

"சித்தி, எனக்கு ஜெபம் பெருசு இல்ல" என்றாள். "அப்பா எதுனா சொன்னா போதும். அம்மா போனதுல இருந்து அவங்கள பத்தி ஒரு வார்த்த பேசல அவரு. போட்டோவ பாக்கறது இல்ல. பேர சொல்றது இல்ல. கடவுள் மேல இருக்கற கோவத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கறாரு. நான் கல்யாணம் பண்ணி போயிட்டா அந்த வீட்ல தட்ட பாத்துனு தனியா குந்தினு இருப்பாரு. எப்படி சித்தி நான் மோதிரம் மாட்டிப்பேன்?"

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். ஆட்டோ கிளம்ப அரை மணி ஆயிற்று.

ஞாயிறு காலை மாமா எனக்கு முன்பே எழுந்து குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலை படிய வாரி நின்றார். எனக்கு ஒரே சந்தோஷம். "சர்ச்சுக்கா மாமா?"

"இல்ல. டீக்கடைக்கு."

டீக்கடை சர்ச்சுக்கு நேர் எதிரே இருந்தது. பெனிட்டா எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள். நான் யோசித்தேன். டீக்கடையில் பெஞ்சு இருந்தது, கூடவே வடை வாசனை. நானும் மாமாவோடு உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் மாமா சர்ச்சின் முதல் மணிக்கு வந்து, கடைசி ஆசீர்வாதம் முடிந்துதான் எழுந்து போவாராம். கடைக்காரர் சொன்னார். ஒரு வாரம்கூட லீவு இல்லையாம். சர்ச்சுக்குப் போகாமல் இருப்பதில் இவ்வளவு ஒழுங்கு காட்டுகிற மனிதரை நான் எங்கும் கண்டதில்லை. உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் லேட்டாகத்தான் வந்தார்கள்.

ஒலிபெருக்கியில் பாட்டு கேட்டது. மாமாவின் விரல் தொடையில் தாளம் போட்டது. திடீரென்று நிமிர்ந்தார். "மூணாவது சரணத்த வுட்டுட்டானுங்க! பாத்தீங்களா? சோம்பேறிங்க."

அப்போது முனுசாமி வந்தார். மாமாவின் பக்கத்து வீட்டுக்காரர், சுரங்கத்தின் அடி லெவலில் வேலை பார்த்தவர். நெற்றியில் குங்குமம், மாரியம்மன் கோயிலில் இருந்து நேராக வருகிறார். "பை டூ" என்று குரல் கொடுத்தார். ஒரு டீயை இரண்டு டம்ளரில் ஊற்றித் தருவது. எங்கள் ஊரில் அப்படிக் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இங்கே அப்படிக் கேட்காவிட்டால்தான் பார்க்கிறார்கள். மாமாவும் அவரும் தினம் ஒரு டீயைப் பங்கு போட்டுக் குடிக்கிறவர்களாம்.

"இன்னா சாமுவேலு, சாயங்காலம் ஜெபம் பண்ணுவியா மாட்டியா? பொண்ணு மூஞ்ச பாக்க முடியல."

மாமா அதே பாட்டைப் பாடினார். மணி வரட்டும், மணி வராமல் கை வைக்க மாட்டேன். முனுசாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

"யோவ், இரு. எனக்கு ஒண்ணு புரியல. நான் கீழ இருந்தேன். நீ மேல இருந்த. மணி யாரு அடிச்சது?"

"நீதான்."

"மேல இருந்து நீ என்னிக்காவது எனக்கு மணி அடிச்சு, வா முனுசாமின்னு கூப்ட்டியா?"

"அது எப்படி கூப்புடுவேன்? கீழ இருக்கறவன்தான் அடிக்கணும்."

"அப்போ ஆண்டவரு இன்னா, அடி லெவல்ல கீறாரா? நீ மேல குந்தினு அவர இழுக்கப் போறியா?" என்றார் முனுசாமி. "பொண்டாட்டிய பறிகுடுத்துட்டு இருட்டுல நிக்கறது நீ. நீ ஏன்யா டிரைவர் சீட்டுல போய் குந்தினு கீறே?"

நான் வடையைத் தட்டில் வைத்துவிட்டேன். மாமா டம்ளரைக் கையில் வைத்துச் சுழற்றினார். அத்தனை வருஷம் கேஜ் ஓட்டியவர், கடவுளைப் பற்றி நினைக்கும்போதும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

"அடிச்சேனே" என்றார் கடைசியில், மெதுவாக. "ஆஸ்பத்திரில எவ்ளோ அடிச்சேன். ரோப் அசையல."

"எங்களுக்கு மட்டும் அடிச்ச உடனே வந்துச்சா? எத்தினி நாளு, தண்ணி சொட்டுற எடத்துல, ஷிப்ட் முடிஞ்சு பசியோட நின்னுகினு இருந்தோம். கேஜ் வராது. ஏன்னு தெரியாது. மேல கீறவன் தூங்கிட்டானா, டீ குடிக்கப் பூட்டானான்னு வாய்க்கு வந்தபடி திட்டுவோம். திட்டிட்டு மறுபடியும் அடிப்போம்."

மாமா விறைத்துக்கொண்டார். "யார திட்டினீங்க?"

"உன்னத்தான்."

"என்னயா? நான் ஒரு நாள் சீட்ட வுட்டு எந்திரிச்சது இல்ல!"

"அது எங்களுக்கு எப்படிய்யா தெரியும்?"

"தினமும் திட்டினீங்களா?"

"தினமும் எங்க... ஞாயித்துக்கிழம லீவு."

மாமாவுக்கு வந்த கோபத்தில் தன் பங்கு டீயைக் குடிக்காமலே எழுந்துவிட்டார். உள்ளே ஆசீர்வாதம்கூட முடியவில்லை. முதல் முறையாக ஆராதனை முடிவதற்குள் வீட்டுக்குப் போனார். முனுசாமி அந்த டீயையும் எடுத்துக் குடித்தார். "நம்ப மாரியம்மாகிட்ட நான் கேட்டதுலயே பாதி இன்னும் பெண்டிங்குல கீது" என்றார் என்னிடம். "அதுக்காக கோயிலுக்குப் போவாத இருந்தா, வூட்ல குந்தினு இன்னா பண்றது?"

பிள்ளை வீட்டார் பெங்களூரில் இருந்து வந்து சேர மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது. தெருவை அடைத்துப் பந்தல். பின்னால் பிரியாணி தம்மில் இருந்தது. அந்த வாசனையில் ஒருவருக்கும் பக்தி நிற்கவில்லை. பெனிட்டா பச்சைப் பட்டில் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. காலையில் டீக்கடையை விட்டு எழுந்து போனதிலிருந்து மாமா யாரோடும் பேசவில்லை.

போதகர் எழுந்தார். "முதலில் பெண்ணின் தகப்பனார் ஜெபிப்பார்" என்றார். விஷயம் அவருக்கும் தெரியும்.

எல்லோரும் தலை குனிந்தோம். நான் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். மாமா எழுந்திருக்கவில்லை. யாரோ இருமினார்கள். பெனிட்டாவின் கை புடவை முந்தியைச் சுருட்டிக்கொண்டே இருந்தது. பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தாள். நான் என் வாழ்க்கையிலேயே தூங்காமல் செய்த ஒரே ஜெபம் அப்போது செய்ததுதான்.

நாற்காலி கிரீச்சிட்டது. மாமா எழுந்து நின்றார். மேடைத் தமிழில் கணீரென்று ஜெபிக்கிறவர் என்று பேர் வாங்கியவர், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"ஆண்டவரே, நான் சாமுவேல். ரொம்ப நாளா பேசல. ஏன்னு உங்களுக்கே தெரியும். நான் இன்னும் கோவமாத்தான் கீறேன், சும்மா நடிக்க மாட்டேன். நீங்க இல்லன்னு நெனச்சிருந்தா இந்தக் கோவமே வந்திருக்காது. இல்லாதவங்க மேல யாரு கோவப்படுவாங்க. என் பொண்ண இவங்க வீட்டுக்குக் குடுக்கறேன். நல்ல புள்ள. கோவம் மட்டும் எங்க வீட்டுக் கோவம். ரெண்டு பேரையும் பாத்துக்குங்க."

நிறுத்தினார். முடிந்தது என்று நினைத்துப் போதகர் நிமிர்ந்தார். முடியவில்லை.

"அப்புறம் ஸ்டெல்லா..." என்றார் மாமா. அந்தப் பெயரைக் கேட்டதும் பெனிட்டா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். "ஸ்டெல்லா உங்ககிட்டதான் கீறா. அவளுக்குச் சாயங்காலம் ஒரு டீ வேணும், இல்லன்னா தலைவலி வந்துடும். புது எடத்துல வாய வுட்டு கேக்க மாட்டா, கூச்சப்படுவா. நீங்களா பாத்துக் குடுத்துடுங்க. ஆமென்."

போதகருக்கும் முன்னால், பின்வரிசையில் இருந்து முனுசாமிதான் முதலில் சத்தமாக ஆமென் சொன்னார்.